பெயிண்டர் நின்ற இடம்

பொறாமைப்படுவதிலும் ஒரு சுத்தம் உண்டென்றால் அது இஸ்திரிக்காரியிடம்தான் இருந்தது. சந்தேகம் மனதில் விழுந்த பிறகும் அவள் வீட்டில் ஒரு தட்டை ஓங்கி வைத்ததில்லை. வேலையில் ஒரு துணியைக் கருகவிட்டதில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிட்டாள். வயிறு மட்டும் அதன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் வந்து சேர்ந்தது சலவைக்கூடத்தில். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம் அது. காலை எட்டு மணிக்கு நீராவிப் பெட்டியின் முன்னால் நின்றாளானால் மாலை ஆறு வரைக்கும் நின்ற நிலைதான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சூடு பட்ட தழும்புகள் ஏணிப்படி மாதிரி ஏறியிருந்தன. பெரிய விரிப்பு என்றால் ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிரே நடந்து வந்து கைகளைச் சேர்க்க வேண்டும், பிறகு விலக வேண்டும். எதிர் முனையைப் பிடிக்கிறவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். ஐம்பது வயது, காதுகள் இரண்டும் சலவைக்கூடத்துக்கு வெளியே இருக்கும். நெருங்கி வரும்போது ஒரு வாக்கியம் சொல்லுவாள். விலகிப் போகும்போது அது கேட்டவளின் உள்ளே வேலை செய்யும்.

"உன் வீட்டுக்காரர நேத்து கடைத்தெருவுல பார்த்தேன்."

"பார்த்திருப்பே. அவர் வேலை முடிஞ்சு வர்ற வழிதானே."

விலகினார்கள். விரிப்பை உதறினார்கள். நெருங்கினார்கள்.

"சும்மா நின்னுட்டிருந்தார்."

"மழை பெஞ்சுதே அக்கா, ஒதுங்கியிருப்பார்."

"முந்தாநாள் மழை இல்லையே. அன்னிக்கும் அதே எடத்துலதான் நின்னார்."

"எந்த எடம்?"

மடிப்பக்கா அந்த மடிப்பை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஜிப்பு மாத்திக் குடுப்பாளே, மூக்குக் கண்ணாடிய நூல்ல கட்டித் தொங்க விட்டிருப்பாளே, அவ கடை வாசல்ல."

"தையக்காரி கடையா? அங்க இவருக்கு என்ன வேலை?"

"அதத்தான்டி நானும் என்னையே கேட்டுக்கிட்டேன். ஆனா ஒண்ணு, அண்ணேன்னுதான் கூப்பிடுறா. என் காதால கேட்டேன்."

"அண்ணேன்னு கூப்பிட்டா கூடப் பொறந்தவளாயிடுவாளா?"

"நான் எதுவும் சொல்லலம்மா," என்றாள் மடிப்பக்கா. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அப்படிச் சொல்வது அவள் வழக்கம்.

அன்றைக்கு மிச்சமிருந்த விரிப்புகளை மடிக்கும்போது இஸ்திரிக்காரி ஒரு வருஷத்தைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தாள். அவர் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. இப்போதெல்லாம் அரைமணி ஆகிறது. முன்பு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க இருவரும் சேர்ந்து போவார்கள். இப்போது, "நீ போயிட்டிரு, நான் பின்னாலயே வர்றேன்" என்கிறார். திரும்பிப் பார்த்தால் ஏதாவது ஒரு கடைக் கண்ணாடியை வெறித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு தடவை பெண்களுக்கான உள்ளாடைக் கடை. "அங்க என்னங்க பாக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "என்ன கடைன்னே கவனிக்கலடி" என்றார். அதை யார் நம்புவார்கள்?

படுக்கையும் சாட்சி சொன்னது. கட்டிலில் அவர் ஓரமாகப் படுக்கிறார். ஒரு காலைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குகிறார், எந்த நேரமும் எழுந்து போய்விடத் தயாராக இருக்கிற ஆள் மாதிரி. தப்பித்தவறி அந்தப் பாதம் அவள்மேல் பட்டால் ஜில்லென்று இருக்கும். ஆசை விட்டுப்போன மனுஷனின் உடம்பு இப்படித்தான் ஆறிப்போகும் போலிருக்கிறது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

உண்மையில் அவள் கணவரான பெயிண்டருக்கு என்ன என்பதை இங்கேயே போட்டு உடைத்துவிடலாம். வாசகர்களையும் இஸ்திரிக்காரி மாதிரி வயிறெரிய விடுவது நியாயமில்லை. அவர் காலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் உள்ளே கொழுப்புப் படிந்து சுருங்கிப் போயிருந்தன. போதாததற்கு ரத்தமும் கெட்டியாக இருந்தது. நிற்கும்போது பட்டினி தெரியாத கால், நடக்க ஆரம்பித்தால் ரத்தம் கேட்கும். வராது. இருநூறு அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. இரண்டு மூன்று நிமிஷம் நின்றால் போதும், ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிடும். படுத்தால் பாதம் எரியும், கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் அடங்கும். பட்டறை வாசலிலிருந்து இருநூறு அடி என்பது சரியாகத் தையல் கடையில் வந்து முடிந்தது. அந்த இடத்தில் ஒரு ரொட்டிக் கடை இருந்திருந்தால் அவர் ரொட்டிக் கடை வாசலில் நின்றிருப்பார், அவள் நிம்மதியாக இருந்திருப்பாள்.

கார்ப் பட்டறையில் அவர் ஸ்ப்ரே பெயிண்டர். இருபத்தெட்டு வருஷ அனுபவம். அடிபட்ட காரின் கதவைத் தேய்த்து, பட்டி பார்த்து, கண்ணாடிகளைப் பேப்பரும் டேப்பும் ஒட்டி மறைத்து, முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னைப் பிடித்தாரென்றால் பழைய பெயிண்ட் எது புதிய பெயிண்ட் எது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. ஒரு கோட்டு பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் கோடு விழும். ஆகவே சிறுநீர் கழிக்கப் போக வேண்டி வந்துவிடுமோ என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். கோட்டு முடிந்ததும் வெளியே வந்து சிகரெட் பற்றவைப்பார். மழைக்காலத்தில் ஈரம் ஏறி பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால், வெயில் தலைகாட்டிய நேரம் பார்த்து மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடிப்பார். அப்படிப்பட்டவர் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தால் மறுநாள் கன் வேறு கைக்குப் போய்விடும் என்று பயந்தார். அந்த பயத்தைப் பட்டறையில் மறைத்தது சரி. வீட்டிலும் ஏன் மறைத்தார் என்பதுதான் கேள்வி.

மறுநாள் இஸ்திரிக்காரி தலைவலி என்று சொல்லி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். தையல் கடைக்கு எதிரே பூட்டிக்கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வந்தார். நடையில் அவசரம் இல்லை. தையல் கடை வாசல் வந்ததும் யாரோ பிடித்து நிறுத்தியது மாதிரி நின்றார். உள்ளேயிருந்து தையல்காரி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கூப்பிட்டுக் கேட்டு எடுத்து வரவில்லை, அதற்கான நேரம் தெரிந்தவள் மாதிரி தானாகக் கொண்டுவந்தாள். அவர் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. அதையும் வாங்கிக் குடித்தார். வீட்டில் தண்ணீர் குடியுங்கள் என்று இவள் தொண்டை வற்றச் சொன்னாலும் குடிக்காத மனுஷன்! அவள் ஏதோ சொன்னாள், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே. அவர் சிரித்தார்.

தலையை அண்ணாந்து, தோள் குலுங்கச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதையே இஸ்திரிக்காரி மறந்துபோயிருந்தாள். அவர் குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டதும் அவள் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதே தவிர மனதில் ஏறவில்லை. மனது முழுக்க அந்தச் சிரிப்பு நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பொருள்களைக் குடைந்தாள். சட்டைப்பைகளில் ஒன்றுமில்லை. ஷூவில் கிடைத்தது. பட்டறைக்குப் போட்டுப்போகிற கனத்த தோல் ஷூ. அன்று மழைக்காக ரப்பர் செருப்பில் போயிருந்தார், ஷூ கதவுக்குப் பின்னால் கிடந்தது. உள்ளே கையை விட்டாள். சுண்டுவிரல் படுகிற இடத்தில் மெத்தென்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு மடிப்பாக மிருதுவான கம்பளித் துணி வைத்து, ஓரம் தெரியாமல், எண்ணியெடுக்கலாம் போன்ற சின்னச் சின்னத் தையல்களால் சுற்றிலும் அடைத்திருந்தது. செருப்புத் தைக்கிறவர் போடுகிற தையல் இல்லை இது. ஒரு நாளைக்கு முந்நூறு துணி பார்க்கிறவளுக்கு இது தெரியாதா? உட்கார்ந்து, நேரம் எடுத்து, இந்த இடம் உறுத்துமே என்று யோசித்துத் தைத்த தையல்.

அவளுக்கு வலித்தது அந்த யோசனைதான். துணிகளில் குத்தியிருக்கும் அடையாளச் சீட்டுகளைப் பிரிக்க அவள் கைப்பையில் எப்போதும் ஒரு பாதி பிளேடு இருக்கும். அதை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தாள். துணியை உருவி எடுத்து அடுப்பில் போட்டாள். ஷூவைப் பழையபடி கதவுக்குப் பின்னால் வைத்தாள். உள்ளே அறுந்த நூல் முடிச்சுகளும், அந்தத் துணி மறைத்திருந்த விறைப்பான தோல் மடிப்பும் மிச்சமிருந்தன.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது. பெயிண்டர் ஷூவுக்குள் காலை நுழைத்தவர் அப்படியே நின்றார். எடுத்து உள்ளே பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் அப்பளம் போல மொறமொறப்பாக ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கேட்கவில்லை என்றால் குற்றம் உள்ள மனசுதானே என்று அவள் தீர்ப்பெழுதினாள்.

அடுத்த வாரம் மடிப்பக்கா விரிப்போடு நெருங்கி வந்து, "இப்ப அந்தப் பக்கமே காணோம்டி உன் ஆள. கொளத்துச் சாலை வழியா சுத்திட்டுப் போறாராம்" என்றாள்.

"அப்படியா?" என்றாள் இஸ்திரிக்காரி. அன்று நீராவியின் சத்தத்துக்கு மேலே அவள் பாட்டு முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. வழியில் முட்டை வாங்கிக்கொண்டு போய் அவருக்குப் பிடித்த மாதிரி வறுத்துக் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவர் முகம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. குளத்துச் சாலையில் உட்கார ஒரு கல்கூடக் கிடையாது.

மூன்று வாரம் அந்தச் சந்தோஷம் நீடித்தது. பிறகு அவர் வீட்டுக்குள்ளும் காலுறை போட ஆரம்பித்தார். குளிர் என்றார். ஒரு நாள் காலையில் அந்தக் காலுறையைத் துவைக்க எடுத்தவள் நுனியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கறைகளோடு பிழைப்பு நடத்துகிறவள் அவள். தேநீர்க் கறை, மருந்துக் கறை, மை, துரு, எல்லாம் தெரியும். இது மஞ்சளும் கறுப்பும் கலந்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்த கறை. நாற்றமும் இருந்தது.

"காலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லடி, ஷூ கடிச்சிருக்கு."

"காட்டுங்கன்னா!"

சுண்டுவிரல் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. பக்கத்து விரல் நீலம். கெண்டைக்காலில் முடியெல்லாம் உதிர்ந்து தோல் பளபளவென்று, பாலிஷ் போட்ட மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காலின் பேன்ட்டுக்கு மடிப்பு வைத்துத் தேய்க்கிறாள். பேன்ட்டுக்குள்ளே இருக்கிற காலைக் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று அவளுக்கே ஞாபகம் வரவில்லை.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றி ஒரு தடவை, கணுக்காலில் சுற்றி ஒரு தடவை அழுத்தம் பார்த்தாள். பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தாள். கையில் வைத்தபோது ஓடையாய் ஓடிய சத்தம், பாதத்தில் எங்கோ மூடிய கதவுக்குப் பின்னால் இருமுவது போலக் கேட்டது.

"கையில நூத்தம்பது, கால்ல அம்பத்தஞ்சு," என்றாள். "எவ்வளவு நாளா வலி?"

"மூணு வாரமா, அம்மா."

"அது புண்ணு. நடந்தா வலிக்குமே, அது?"

பெயிண்டர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா!" என்றாள் இஸ்திரிக்காரி.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஒருத்தர்கிட்ட சொன்னேன்."

அந்த ஒருத்தர் யார் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டியவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. கணவனின் கால் கறுத்துக் கிடக்கிற நேரத்தில்கூட அவள் வயிற்றில் முதலில் பற்றியது அதுதான். என்கிட்ட சொல்லவில்லை. அவகிட்ட சொல்லியிருக்கிறார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கார் பெயிண்டர். ஸ்ப்ரே."

"அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும். கன்னோட நுனி அடைச்சிருந்தா என்ன ஆகும்?"

"திக்கித் திக்கித் துப்பும்."

"பெயிண்ட்டும் கெட்டியா இருந்தா?"

"வரவே வராது."

"அதான் உங்க கால்ல நடக்குது. ரத்தம் எடுத்துப் பார்த்ததுல சிவப்பணு அளவுக்கு மேல இருக்கு. புகை பிடிச்சுப் பிடிச்சு ரத்தத்துக்குக் காத்துப் பத்தல, உடம்பு பயந்துபோய் இன்னும் இன்னும்னு உண்டாக்கிடுச்சு. தண்ணியும் குடிக்கறதில்ல நீங்க, நாக்கைப் பார்த்தாலே தெரியுது."

பெயிண்டர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. தொழில் பேச்சு. "எங்ககிட்ட ஒரு கிண்ணம் இருக்கும்மா, அடியில ஓட்டை. பெயிண்ட்ட ரொப்பி எத்தனை விநாடியில வடியுதுன்னு பார்ப்போம். ஜாஸ்தி ஆச்சுன்னா தின்னர் ஊத்துவோம். அந்த மாதிரி எனக்கும் தின்னர் ஊத்திடுங்களேன்."

"மாத்திர தர்றேன். ஆனா ஓட்டையே ஊசிமுனை ஆயிட்டா தின்னர் மட்டும் என்ன செய்யும்? தொடை வழியா கம்பி விட்டு, பலூன் வச்சு, குழாயத் தொறக்கணும். சிகரெட்ட இந்த நிமிஷத்தோட விடணும்."

"வெரலு?"

"சுண்டுவெரல் போயிடுச்சு. பாதத்தக் காப்பாத்த முடியுமான்னுதான் இப்பப் பாக்கறோம். குழாய் தொறக்கலன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

இஸ்திரிக்காரி குறுக்கே வந்து கேட்டாள். "ஷூ கடிச்சதுக்கா அம்மா இவ்வளவு?"

"ரத்தம் ஓடுற கால்ல ஷூ கடிச்சா நாலு நாள்ல ஆறிடும். ஓடாத கால்ல ஒரு கீறல் போதும். இவ்வளவு நாள் போட்ட ஷூ இப்ப ஏன் கடிச்சுது?"

பெயிண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உள்ள வச்சிருந்த துணி பிஞ்சுபோச்சு."

அவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டு அவள் நேராகத் தையல் கடைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டே போனாள். மனசின் ஒரு பக்கத்தில் பிளேடு கிடந்து உறுத்தியது. அதைப் பார்க்காமலிருக்க அவளுக்கு ஒரு எதிரி வேண்டியிருந்தது.

தையல்காரி ஒரு பேன்ட்டின் கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்தினாள்.

"வாங்க அண்ணி. அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"அண்ணியா? நான் யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு எதிர்ல, குடைக்குள்ள நின்னீங்களே. உங்க கையில இருக்கற தழும்பப் பத்தி அண்ணன் அடிக்கடி சொல்லுவார். குடையப் பிடிச்ச கையில பார்த்தேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தீட்டி வைத்த முதல் வார்த்தை மழுங்கிப்போனது.

"அவருக்குக் கால் போகப் போகுது. உனக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. வெக்கமா இல்லையா உனக்கு? ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்து சொல்லக்கூடாது?"

"நாலு மாசமாத்தான் எனக்கே தெரியும். ஒருநாள் வாசல்ல நின்னார், மூஞ்சியெல்லாம் வேர்வை. விழுந்துடுவார் போல இருந்துச்சு, முக்காலியப் போட்டேன். தெனமும் அதே எடம். என்னன்னு கேட்டேன், சொன்னார். டாக்டர்கிட்ட போங்க, வீட்ல சொல்லுங்கன்னு வாய் வலிக்கச் சொன்னேன் அண்ணி."

"சொல்லாம என்ன பண்ணினார்? உன்கிட்ட சிரிச்சுப் பேசினார்."

"ஆமா, சிரிப்பார். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலைலேருந்து மிஷினோட பேசிட்டிருக்கறவ நான். ஒரு ஆள் வந்து பத்து நிமிஷம் உக்காந்தா வேணாம்னா இருக்கும்? அத நான் இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அவர் பேசினதெல்லாம் உங்களப் பத்தித்தான். அவ பத்து மணி நேரம் நின்னுட்டு வர்றா, ஒரு நாள் கால் வலிக்குதுன்னதில்ல, அவகிட்டப் போய் என்னால இருநூறு அடி நடக்க முடியலன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றதும்பார்."

இஸ்திரிக்காரி மூலையில் கிடந்த முக்காலியைப் பார்த்தாள். அவளைப் பற்றி அவர் பேசியதைக்கூட இன்னொருத்திதான் கேட்டிருக்கிறாள்.

தையல்காரி பேன்ட்டைக் கீழே வைத்தாள். "ஷூவக் கொண்டுவந்து காட்டினார். தானா பிஞ்சுபோச்சு பாருன்னார். தேஞ்சு பிரியற நூல் பிசிறு பிசிறா இருக்கும். இது ஒவ்வொண்ணும் நேர்வெட்டு. எனக்குத் தெரியாதா? அண்ணே, வீட்ல யாருக்கோ என் தையல் பிடிக்கல, இனிமே நீங்க இங்க நிக்க வேணாம்னு சொல்லிட்டேன். போறதுக்கு முன்ன வேற துணி வச்சுத் தச்சுத் தரட்டுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"வேணாம்னார். அவ பிரிச்சது பிரிச்சபடியே இருக்கட்டும்னார்."

கடைக்குள் இன்னொரு ஆள் ஜிப் போன பையோடு வந்து நின்றான். தையல்காரி அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். இஸ்திரிக்காரி அதை வாங்கவில்லை. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அழுகை வந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தவரைக்கும் தாங்க முடிந்தது. இப்போது அந்த ஆளும் கையை விரித்துவிட்டாள். பிளேடும் அவளும் மட்டும் மிச்சம்.

குழாய் திறந்தது. இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள், நாலு மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா வெளியே வந்து, "தொட்டுப் பாருங்க" என்றாள். போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வருஷமாகத் தன்மேல் ஆசை ஆறிப்போனதாக நினைத்து அவள் ஒதுக்கித் தள்ளிய பாதம். இரண்டு நாள் கழித்துச் சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

படுக்கையில் இருந்த நாட்களில் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் வந்தாள், அல்லது அவர் தூங்கிப்போனார், அல்லது அவளுக்கே தைரியம் வரவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் குடித்தார். சிகரெட் நினைப்பு வந்தால் விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். பட்டறை முதலாளி வந்து பார்த்துவிட்டு, "கலர் கலக்குற வேலை ஒக்காந்தே செய்யலாம், உம்ம கண்ணு வேற யாருக்கு இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாள். "குழாய் தொறந்துட்டோம்னு ஒக்காந்துடாதீங்க. புண்ணு ஆறினதும் தெனம் அரைமணி நடக்கணும். வலி வர்றவரைக்கும் நடங்க, வந்தா நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க. நடக்க நடக்கத்தான் சின்னச் சின்ன வழியிலயும் ரத்தம் போகப் பழகும்."

"நான் கூடப் போறேன்," என்றாள் இஸ்திரிக்காரி உடனே. யாரோ அந்த வேலையைத் தட்டிப் பறித்துவிடுவார்கள் போல.

புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. சலவைக்கூடத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போக அனுமதி வாங்கினாள். மடிப்பக்கா எதிர் முனைக்கு ஆளில்லாமல் விரிப்புகளோடு மல்லாடிக்கொண்டு, "அவரு நடக்கறதுக்கு நீ எதுக்குடி?" என்றாள். "அது எங்க விஷயம்க்கா" என்று சொல்லிவிட்டு இவள் செருப்பை மாட்டினாள்.

மழைக்காலம் முடிந்திருந்தது. வெயில் சாய்ந்து தெருவில் பாதிக்கு நிழல் விழுந்திருந்தது. கடைத்தெருப் பக்கம் போகலாமா என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பள்ளிக்கூட மதிலை ஒட்டி நடந்தார்கள். இருநூறு அடி தாண்டியது. முந்நூறு தாண்டியது. ஒரு விரல் குறைந்த காலை அவர் சற்றே வெளிப்பக்கமாக வைத்து நடந்தார். நானூறு அடி இருக்கும். அவர் நின்றார். மதிலில் ஒட்டியிருந்த சுவரொட்டியை உன்னிப்பாகப் படிக்க ஆரம்பித்தார்.

"கெணறு தூர் வாரித் தரப்படும்னு போட்டிருக்கு."

"நம்மகிட்ட ஏதுங்க கெணறு?"

"சும்மா பார்த்தேன்."

"வலிக்குதா?"

"சேச்சே, இல்ல."

அவள் நகர்ந்து அவருக்கும் சுவரொட்டிக்கும் நடுவில் போய் நின்றாள். அவர் பார்ப்பதற்கு இப்போது அவள் முகத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"அவகிட்ட எப்படிச் சொன்னீங்களோ, அப்படியே என்கிட்ட சொல்லுங்க."

அவர் மதிலில் கையை ஊன்றிக்கொண்டார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"கெண்டைக்கால்ல ஈரத் துணியப் பிழியற மாதிரி இருக்கும். முறுக்கிப் பிழிஞ்சுட்டு விட மாட்டேங்கும். நின்னா மெதுவா விடும்."

"ஈரத் துணின்னா சொன்னீங்க அவகிட்ட?"

"ஆமா. நீ பிழியறதப் பார்த்துத்தானே எனக்குத் தெரியும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்பவும் அப்படித்தான் இருக்கா?"

"முன்ன மாதிரி இல்ல. ஆனா வலிக்குது," என்றார். "வலிக்குதுடி."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எவ்வளவு வயிறெரிந்திருக்கிறாள்! கட்டின புருஷன் வலிக்கிறது என்கிறார், அவளுக்கோ உள்ளே சந்தோஷம் பொங்குகிறது. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல முடியும்?

"நானும் ஒண்ணு சொல்லணும்ங்க. உங்க ஷூ…"

"தெரியும். விடு."

"விடமாட்டேன்."

"அதான் தெரியும்னு சொல்றேன்ல? முடிஞ்சு போனது எதுக்கு?"

"உங்களுக்குத் தெரிஞ்சது அவ சொல்லித்தானே? நான் சொல்லித் தெரியலல்ல?" அவள் குரல் உயர்ந்தது. சைக்கிளில் போன ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். "உங்க வலியத்தான் அவ மொதல்ல கேட்டா. என் தப்பையும் அவதான் மொதல்ல சொல்லணுமா? அது என் தப்பு. நான்தான் சொல்லுவேன். நீங்க தெரியாத மாதிரி நின்னு கேளுங்க."

பெயிண்டர் அவளைப் பார்த்தார். மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"சரி. சொல்லு."

அவள் மடிப்பக்கா விரிப்போடு நெருங்கி வந்ததிலிருந்து ஆரம்பித்தாள். தகரக் கூரையைச் சொன்னாள், குடையைச் சொன்னாள், அவர் சிரித்த சிரிப்பைச் சொன்னாள், பிளேடைச் சொன்னாள். பாதி சொல்லும்போதே அவருக்குக் கால் வலி விட்டுவிட்டது. அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.